வாசலில் வரவேற்பு, உள்ளே எந்த இடம்?

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும், முதல் முறையாக வந்திருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்வதும், சபையார் கைதட்டுவதும், ஓர் இளைஞர் அட்டையும் பேனாவும் கொடுத்துப் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி வாங்குவதும் நகரத்துச் சபைகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டன. கத்தோலிக்கப் பங்குகளில் அந்த வேலையை அன்பியங்கள் எனும் சிறு குழுக்கள் ஓரளவு பார்த்துக்கொள்கின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதியவரை ஏற்பது பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகிறது. எழுந்து நின்றவர் திரும்ப உட்கார்ந்த பிறகு என்ன ஆகிறார்? எந்தப் பெஞ்சு அவருக்கு? திருவிருந்துக்கு யாருக்குப் பின்னால் போகிறார்? அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது, கமிட்டித் தேர்தலில் அவருக்கு வாக்கு உண்டா, இறந்துபோனால் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவார்கள்? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சபை வரலாற்றைப் புரட்டினால், முகமலர்ச்சியைவிட இடந்தான் எப்போதும் பிரச்சினையாக இருந்திருக்கிறது என்பது தெரியும். இரக்கத்துக்குப் பஞ்சமில்லாத சபைகள்கூட இடம் கொடுக்கும்போது தடுமாறியிருக்கின்றன. அதனால் ஒரு சபையின் கிறிஸ்தவ இரக்கத்தை வாசலில் அளக்கக் கூடாது, பந்தியிலும் பதிவேட்டிலும் கல்லறையிலும் அளக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

புதிய ஏற்பாடே இதற்கு முதல் சாட்சி. யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சபைக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் பொன்மோதிரமும் மினுக்கான உடையும் அணிந்தவர், மற்றவர் கந்தல் கட்டிய ஏழை. இருவரையும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். வாசலில் தகராறே இல்லை. முதலாமவருக்கு நல்ல ஆசனம் கிடைக்கிறது, இரண்டாமவருக்கு நிற்க ஓர் ஓரமோ காலடியில் தரையோ கிடைக்கிறது. யாக்கோபு சாடுவது இந்த ஆசன ஒதுக்கீட்டைத்தான். கொரிந்து சபையில் இதே கோளாறு சாப்பாட்டில் வந்தது. கர்த்தருடைய பந்தி என்று கூடுகிற இடத்தில் ஒருவர் பசியோடு இருக்க, இன்னொருவர் வெறிக்கக் குடித்திருக்கிறார் என்று பவுல் கடிந்துகொள்கிறார். ரோமர் காலத்து வசதியான வீட்டின் சாப்பாட்டு அறையில் ஏறக்குறைய ஒன்பது பேர்தான் சாய்ந்து உண்ண முடியும், மற்றவர்கள் முற்றத்தில் இருந்திருப்பார்கள் என்று ஜெரோம் மர்ஃபி ஓ'கானர் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் வீட்டுக்காரரின் நண்பர்கள் உள்ளறையில் முன்னதாகவே சாப்பிட்டிருப்பார்கள். வேலை முடித்துப் பிந்தி வந்த அடிமைக்கும் கூலிக்காரருக்கும் முற்றமும் மிச்சமுமே கிடைத்திருக்கும். இந்த விளக்கத்தை எல்லா ஆய்வாளரும் முழுமையாக ஏற்கவில்லை. ஆனாலும் பவுலின் கோபம் எதன்மேல் என்பதில் சந்தேகமில்லை.

எனக்கு இவை இரண்டையும்விட அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் முக்கியமாகப் படுகிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாக உணவு கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர் நினைத்திருந்தால் பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டு, இனிமேல் பார்த்துச் செய்யுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கலாம். நம் கமிட்டிகள் அதைத்தான் செய்திருக்கும். அவர்கள் ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தி விசாரணையை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயர்களையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாமே கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் பிறப்பால் யூதர்கூட அல்ல, யூத மார்க்கத்துக்கு வந்த அந்தியோகியாக்காரர். கிரேக்கப் பெயர் வைத்த யூதர்கள் பாலஸ்தீனத்திலும் உண்டு என்பதால் ஏழு பேரும் கிரேக்க மொழிக்காரர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் புறக்கணிக்கப்பட்டதாகச் சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டி போனது என்பதுதான் இயல்பான வாசிப்பு. இரக்கத்தைக் கூட்டிக் கேட்டவர்களுக்குப் பொறுப்பையே தூக்கிக் கொடுத்த தீர்வு இது.

பின்வந்த நூற்றாண்டுகளில் அந்நியருக்கு இடம் கொடுக்கும் வழக்கம் வெளியார் கண்ணிலும் பட்டது. நான்காம் நூற்றாண்டில் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கலிலேயர் என்று அவர் அழைத்த கிறிஸ்தவர்கள் வளர்ந்ததற்குக் காரணம் தேடுகிறார். அந்நியருக்குக் காட்டும் அன்பையும் இறந்தோரின் அடக்கத்தில் அவர்கள் எடுக்கும் அக்கறையையும் முன்னே வைக்கிறார். எதிரி எழுதிய சான்று என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். அவர் அந்நியரையும் அடக்கத்தையும் சேர்த்தே சொன்னது கவனிக்கத்தக்கது. ஊர் பேர் தெரியாதவன் செத்தாலும் குழியும் ஜெபமும் உண்டு என்ற உறுதியை அந்தக் காலத்து நகரங்களில் எளிய மக்களுக்கு வேறு யாரும் அவ்வளவு லேசில் தரவில்லை.

இங்கேயே முதல் ஆட்சேபம் எழும். வருகிறவரையெல்லாம் நம்பிவிட முடியுமா? ஏமாற்றுக்காரர்கள் வரமாட்டார்களா? வந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர் லூசியன், பெரிகிரினஸ் என்றொரு ஆசாமி கிறிஸ்தவர்களின் தயவில் வசதியாக வாழ்ந்த கதையைக் கேலியாக எழுதியிருக்கிறார். திதகே என்ற ஆதித் திருச்சபை நூலுக்கும் இந்தத் தொல்லை தெரியும். வழிப்போக்கருக்கு உதவு, ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். தங்கிவிட நினைத்தால் தொழில் செய்து பிழைக்கட்டும். தொழில் தெரியாதவருக்கு சபையே ஒரு வழி பார்க்கட்டும் என்று அது வகுக்கிறது. அப்போஸ்தலன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் மூன்றாம் நாளும் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. எச்சரிக்கை கறாரானதுதான். ஆனால் அந்தக் கறார் யார்மேல் பாய்கிறது? பிழைக்க வந்த தொழிலாளிக்கு இருப்பிடத்துக்கு வழி சொல்லும் நூல், அதிகாரத்தோடு வருகிற பிரசங்கியாரிடம் மூன்றாம் நாள் முகத்தைத் திருப்புகிறது. இன்று நம் வழக்கம் நேர் எதிர். வெளியூர்ப் பிரசங்கியாருக்கு மாலையும் ஏசி அறையும் கிடைக்கும், வேலை தேடி வந்தவரிடம் பழைய சபையின் மாற்றல் கடிதம் கேட்போம். சபைப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஆள் விசாரிப்பது கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த விசாரணை பணமும் பதவியும் உள்ளவரிடமும் அதே அளவு நடக்க வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெனடிக்டின் துறவற ஒழுங்கு இந்த நுணுக்கத்தை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாக எண்ணி ஏற்கச் சொல்கிற அதே 53ஆம் அதிகாரம், ஏழைகளையும் பயணிகளையும் கூடுதல் கவனத்தோடு ஏற்கச் சொல்கிறது. பணக்காரருக்கு மரியாதை தானாக வந்துவிடும் என்பது அதன் நியாயம். மடத்தில் சேரவே விரும்பி வருகிறவரை மட்டும் உடனே சேர்க்கக் கூடாது. நாலைந்து நாள் கதவருகே பொறுமையாக நிற்க வேண்டும், பிறகு ஓராண்டு பயிற்சி, இடையில் மூன்று முறை ஒழுங்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். கடுமைதான், ஆனால் அதற்குக் காலவரம்பு உண்டு. சேர்ந்துவிட்டால் வரிசை பொதுவாகச் சேர்ந்த நாள் நேரப்படியே. அடிமையாய் இருந்து வந்தவருக்கு முன்னால், சுதந்திரக் குடியில் பிறந்தவர் என்பதற்காக ஒருவரை வைக்கக் கூடாது. இதைவிடத் துணிச்சலான ஒரு விதி 61ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து தங்குகிற துறவி பணிவோடு ஏதேனும் குறை சொன்னால், அதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாம் என்று மடத் தலைவர் யோசிக்க வேண்டுமாம். வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர் குறை சொல்வதா என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது விநோதமாக இருக்கலாம்.

தமிழ்த் திருச்சபையின் கதையை இந்த அளவுகோலோடு படித்தால் வலிக்கிறது. இங்கே வெளியாள் என்பவர் வேற்றூர்க்காரர் மட்டுமல்லர். அதே ஊரில், அதே ஞானஸ்நானம் பெற்று, தலைமுறைகளாகச் சபையில் இருந்தவரே வெளியாளாக வைக்கப்பட்டார். தரங்கம்பாடிக்கு 1706இல் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்தார்கள். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அங்கே கூடிய சபையிலும் சாதிக்கொரு பக்கம் என்ற உட்காரும் முறை இருந்தது. தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்த ராஜநாயக்கன், முன்னாள் சிப்பாய், தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். மற்ற உபதேசியார்களில் 1733இல் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார், 1741இல் தியோகு பெற்றார். ராஜநாயக்கனுக்கு அந்த அபிஷேகம் கடைசிவரை கிட்டவில்லை. அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற அச்சம் மிஷனரிகளைக் கட்டிப்போட்டது. பந்தியில் பரிமாறும் கரண்டி யார் கையில் என்ற எருசலேம் கேள்வி அப்படியே திரும்ப வந்தது. பதில்தான் தலைகீழாக இருந்தது.

1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை அறவே, உடனடியாக ஒழிய வேண்டும், திருவிருந்தில் எல்லாரும் கலந்து வர வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கத்தில் மிஷனரிகள் தலையிடுவதை எதிர்த்து ஏற்கெனவே எழுதியிருந்தார். சாதி என்பது சமூக வழக்கம், மத நம்பிக்கையோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பது அந்தத் தரப்பின் வாதம். நேர்மையாகச் சொன்னால் அதற்கு ஒரு முனை இருந்தது: வில்சனின் சொந்த நாட்டு ஆலயங்களில் அப்போது பணம் கட்டியவருக்குத் தனிப் பெஞ்சு, கட்டாதவருக்குப் பின்னால் இலவச இருக்கை என்ற முறை சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த உண்மை இரண்டு தவறுகளைக் காட்டுகிறதே தவிர ஒன்றை நியாயமாக்கவில்லை. யாக்கோபு கண்டித்ததும் ஒரு சமூக வழக்கத்தைத்தானே?

நெல்லைப் பக்கத்து வடக்கன்குளத்தில் சாதிப் பிரிவு செங்கல்லும் சுண்ணாம்புமாகவே நின்றது. 1872இல் அங்கே எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தில் வந்து சேரும். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போல இருக்கும் அமைப்பு. ஒரு கால் வெள்ளாளருக்கு, மறு கால் நாடாருக்கு. குருவானவர் நடுவில் நின்று இரு தரப்புக்கும் பூசை வைக்கலாம்; இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்பை இடித்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனி இடம் கேட்டவர்களின் கோரிக்கை அங்கே எடுபடவில்லை. சுவர் போனது, வழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் எத்தனையோ போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. 2003இல் தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதி மனப்பான்மையைக் கடுமையாகக் கண்டித்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கெனக் கொள்கை ஆவணமே வெளியிட்டது. ஒரு கொள்கை ஆவணம் தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

இடம் மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் வரலாறு காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸை, கறுப்பருக்கு ஒதுக்காத இடம் அது என்று பிடித்து எழுப்பினார்கள். அவரோடிருந்த ரிச்சர்ட் ஆலன் 1794இல் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார், 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை தனியாகவே உருவானது. 1948இல் விண்ட்ரஷ் கப்பலிலும் அதன் பின்னரும் கரீபியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்து வந்தவர்களில் ஆங்கிலிக்கர் நிறையப் பேர். அவர்களுடைய சொந்தச் சபையே அவர்களிடம் பாராமுகமாக இருந்தது. இனி வராமலிருந்தால் நல்லது என்று போதகரே சொன்ன அனுபவங்கள் பதிவாகியிருக்கின்றன. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை மன்னிப்புக் கேட்டது. அதற்குள் எழுபது ஆண்டுகள் போய்விட்டன.

இனி கனமான ஆட்சேபத்துக்கு வருவோம். மக்கள் தங்கள் மொழியோடும் இனத்தோடும்தான் நிம்மதியாக வழிபடுகிறார்கள், கலக்கச் சொல்லி வற்புறுத்தினால் சபையே வளராது என்பது அது. இதைக் கோட்பாடாகவே எழுதிய டொனால்ட் மக்கவ்ரன் இந்தியாவில் பிறந்து வளர்ந்த மிஷனரி. 1955இலும் 1970இலும் வெளிவந்த அவருடைய நூல்களின் அடிப்படை, இனமும் மொழியும் வர்க்கமும் தாண்டச் சொல்லாமல் கிறிஸ்தவராக வழிவிட்டால் மக்கள் கூட்டங்கூட்டமாக வருவார்கள் என்பதே. இந்தியாவின் திரள் மனமாற்றங்களைப் பார்த்துத்தான் அவர் இந்த முடிவுக்கு வந்தார். அவர் சொன்ன நடப்பு பொய்யில்லை. ஆனால் எப்படி நடக்கிறது என்பதும் எப்படி இருக்க வேண்டும் என்பதும் வேறு வேறு. தனிச் சபைகள் எல்லாமே ஒரு ரகமும் அல்ல. ஜெர்மனியின் கெவலார் மாதா திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஈழத் தமிழர்கள் திரண்டு, தமிழில் பூசை கண்டு, தமிழில் பாடுகிறார்கள். இந்துக்களும் நிறையப் பேர் வருகிறார்கள். போரில் சிதறிய மக்களுக்கு அது மூச்சுவிடும் இடம். அந்தத் தனிமையை நாடியது வந்தவர்கள், ஒதுக்கியது அந்த ஊர்க்காரர்கள் அல்லர்.

தமிழ்நாட்டின் எறையூரில் தனிச் சபைக் கேள்வி இன்னும் சிக்கலானது. அங்கே வன்னியர் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை; ஆலயத்திலும் சவ ஊர்வலப் பாதையிலும் ஒதுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தனிப் பங்கு கேட்டதை வைத்து, பார்த்தீர்களா, அவர்களே பிரிந்திருக்கத்தான் விரும்புகிறார்கள் என்று வாதிடுவது நாணயமற்றது. உள்ளே சம இடம் கிடைக்காதவர் வெளியே முழு இடம் கேட்கிறார், அவ்வளவுதான். ஆகவே தனிச் சபையைப் பற்றிக் கேட்க வேண்டியவை: பிரிவைக் கேட்டது வலியவரா எளியவரா, பெரிய திருநாளில் இரு தரப்பும் ஒரே பந்தியில் கூடுமா, ஒரு தரப்பில் பிறந்த குருவை மறு தரப்பு ஏற்குமா, கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா. கெவலார் கூட்டம் இதில் தேறும், வடக்கன்குளத்துச் சுவர் தேறாது.

வரையறையே இல்லாவிட்டால் சபைக்கு விசுவாசம் என்று ஒன்று எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களை நற்கருணைக்கு முன் வெளியே அனுப்பினார்கள். அந்த ஆயத்தம் மூன்று ஆண்டு வரை நீளலாம் என்று அப்போஸ்தலப் பாரம்பரியம் எனும் பழைய நூல் சொல்கிறது, ஊக்கமுள்ளவருக்குச் சீக்கிரமே முடியலாம் என்றும் சேர்க்கிறது. எல்லை இருந்தது. அதைக் கடக்கும் வழியும் முடியும் நாளும் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. கற்றுக்கொண்டு கடக்கக்கூடிய எல்லை விசுவாசத்துக்கு உரியது. பிறப்பால் விழுந்து, எதைச் செய்தும் கடக்க முடியாத எல்லைக்கு விசுவாசத்தில் வேரில்லை.

நம் ஊர்களில் அதிகம் கேட்பது வேறொரு ஆட்சேபம், அது மெல்லிய குரலில்தான் வரும்: இந்தக் கோயில் எங்கள் தாத்தாமார் கல் சுமந்து கட்டியது, நேற்று வந்தவருக்கு இதில் என்ன சொல் இருக்கிறது? அந்த உழைப்பை மதிக்கத்தான் வேண்டும். நெல்லைப் பக்கத்து அசனத்தைப் பாருங்கள். அண்டாக்கள் ஏறும், சோறு மலையாய்க் குவியும், பக்கத்து ஊர்க்காரரும் வேறு மதத்தாரும் வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுப் போவார்கள். விருந்தோம்புவதில் எங்களை யார் மிஞ்ச முடியும் என்று அந்தச் சபைகள் பெருமைப்படலாம். ஆனால் அதே சபையில் வெளியூரிலிருந்து வந்து குடியேறி, பல ஆண்டு ஒழுங்காகச் சந்தா கட்டி, திருவிருந்து எடுத்து வருகிற ஒருவர் கமிட்டித் தேர்தலில் நின்று பார்க்கட்டும். அவர் எந்த ஊர், என்ன ஆட்கள் என்ற விசாரிப்பு அப்போதுதான் தொடங்கும். ஒரு நாள் சோறு போடுவதற்கு இரக்கம் போதும். வாக்கையும் பொறுப்பையும் பங்குபோட இரக்கத்தோடு நீதியும் சேர வேண்டியிருக்கிறது. வந்த நாளின் மூப்பை பெனடிக்டும் மதித்தார்தான். ஆனால் அவரவர் வந்த நாளுக்கு மட்டுமே அந்த மூப்பு உண்டு, தாத்தாவின் மூப்பு பேரனுக்கு இறங்காது.

இன்றைய நிலையில் இந்தக் கேள்வியை நம் முன் வைப்பவர்கள் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள். திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டுமானத் தளங்களிலும் வேலை பார்ப்பவர்களில் ஜார்கண்ட், ஒடிசா ஆதிவாசிக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். முண்டா, ஓராவ், கடியா மக்களிடையே கிறிஸ்தவம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேர் பிடித்துவிட்டது. 1845இல் ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனரிகளின் சபை இன்றும் அங்கே பெரிய சபை. இவர்களை நம் சபைகள் பெரும்பாலும் பார்ப்பது ஊழியக் களமாகவோ, கிறிஸ்துமஸுக்குப் போர்வை கொடுக்க வேண்டியவர்களாகவோதான். போர்வை தப்பில்லை. ஆனால் அவர்கள் பல தலைமுறைக் கிறிஸ்தவர்கள், சிலர் தங்கள் ஊரில் சபை மூப்பர்களின் பிள்ளைகள். மொழி தெரியவில்லை, நாளைக்கே ஊர் போய்விடுவார்கள், அவர்களை எப்படி அங்கத்தினராக எழுதுவது என்று கேட்கலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தைப் பொறுத்தவரை இதற்குப் பதில் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கியிருந்தாலோ, தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தாலோ அவருக்கு அங்கே தற்காலிக வதிவிடம் உண்டாகிறது (102ஆம் விதி). அதைக்கொண்டே அந்தப் பங்குத்தந்தை அவருடைய சொந்தப் பங்குத்தந்தை ஆகிறார் (107ஆம் விதி). அதாவது ஆலை விடுதியில் நான்கு மாதமாக இருக்கும் ஜார்கண்டின் சிம்டேகாக்காரர் சட்டப்படி விருந்தாளியே அல்லர். அவருடைய திருமண ஓலையும் பிள்ளையின் ஞானஸ்நானமும் நோயில் பூசுதலும் அடக்கமும் அந்தப் பங்கின் கடமை. அவர் பெயரைப் பதிவேட்டில் எழுத யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. போய் எழுதி வர ஓர் ஆள் வேண்டும், ஹிந்தியோ ஜார்கண்டில் பேசும் சாத்ரியோ தெரிந்த ஆள். சீர்திருத்த சபைகளில் இப்படி எழுதிய விதி இல்லாத இடங்களில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டால் போதும். அடுத்த தேர்தலில் அந்தப் பெயர்களுக்கும் வாக்கு வந்துவிடுமே என்பதுதான் உண்மையான தயக்கம் என்றால், அதையாவது கூட்டக் குறிப்பில் வெளிப்படையாக எழுதி வைக்கலாம்.